நியூயார்க் கடிகாரமும் என் தோசையும்

அக்டோபர் வரை நியூயார்க்கில் காலை 11 மணி என்றால் தாம்பரத்தில் எனக்கு இரவு 8.30. தினமும் அப்போது ஒரு மீட்டிங். சரி, ஒன்பதுக்கு முடியும், அப்புறம் சாப்பிடலாம் என்று பழகியிருந்தேன். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், மீட்டிங் இங்கே இரவு 9.30க்கு நகர்ந்து, என் சாப்பாடு பத்து மணிக்குப் போய்விட்டது. அவர்கள் ஊரில் வெயில் குறைந்தால் என் வீட்டில் தோசை ஆற வேண்டுமா?

நேற்றும் அம்மா சுட்டு வைத்த தோசை தட்டில் விறைத்துக் கிடக்க, சட்னி ஓரமெல்லாம் காய்ந்துபோக, மியூட்டில் போட்டுவிட்டு ஒரு வாய் பிட்டு வைத்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் நான் சொன்னது 'நோ அப்டேட்ஸ்', அவ்வளவுதான்.

சரி, காலையில் தாமதமாக வரலாமா என்றால், அதெப்படி, 9.30க்கு இங்கே இன்னொரு மீட்டிங் இருக்கிறதே! பிரான்ஸில் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017லேயே சட்டமாகிவிட்டது. இங்கே கேட்டால் 'ஃப்ளெக்ஸிபிள் டைமிங்' என்கிறார்கள். வளைவதென்னவோ நான் மட்டும்தான்.

முன்பெல்லாம் மகள் கதை கேட்டு வந்து நிற்பாள். இப்போது கதவருகே எட்டிப் பார்க்கிறாள், காதில் ஹெட்போன் இருந்தால் அவளே போய்ப் படுத்துக்கொள்கிறாள். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும்வரை இப்படித்தான்.