வலிக்கு எத்தனை சொல்

போன மாதம் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. நடுவில் நான்.

"இடுப்புல கடுக்குது, அப்புறம் தொடை வழியா சுருக் சுருக்குன்னு இறங்குது, பாதம் பூரா மதமதன்னு கெடக்கு" என்றாள் அம்மா. நான் டாக்டரிடம் சொன்னது, இடுப்பிலும் காலிலும் பெயின் என்று மட்டும்தான். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நானே ஏழு என்று சொல்லிவிட்டேன்.

ஊசி போட வந்த நர்ஸ் கிருஷ்ணகிரி பக்கத்துப் பெண். "எப்படிம்மா இருக்கு, குடையுதா, இழுக்குதா?" என்று கேட்டதுதான் தாமதம், காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா ஐந்து நிமிடம் பேசினாள். மதமதப்பு என்றதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களாண்ணா?" என்றாள். சொல்லவில்லை. திரும்பப் போனோம். டாக்டர் உள்ளங்காலைக் குத்திப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். முதுகில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

தமிழில் புண் காந்தும், கட்டி விண்விண்ணென்று தெறிக்கும், தேள் கொட்டினால் கடுக்கும், மழைக்காலத்தில் முழங்கால் குடையும். ஒவ்வொன்றும் ஒரு தகவல். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வலிக் கேள்வித்தாளில் வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. வலியின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம் என்பதால்தான் அத்தனை சொற்கள். அம்மா மூன்று சொன்னாள். நான் ஒன்றாக்கிக் கொடுத்தேன்.

மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்துக்கொள்கிறேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர், தமிழ் கற்று, 1860-களில் மருத்துவத்தையே தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்', உடற்கூறுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் நூல்கள் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடிப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்து மக்களோடு இருப்பார்கள் என்பது அவர் எண்ணம். இன்றைக்கு நம் மருத்துவ மாணவர்களுக்கு நோயாளி சொல்லும் இந்தச் சொற்களையாவது முதலாண்டிலேயே பாடமாக வைக்கலாமே.

பெங்களூர் டாக்டர் தமிழ் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க ஏற்பாடு வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடியா தொழிலாளிக்கும் அது வேண்டும். அவருடைய அம்மா கற்றுக்கொடுத்த சொற்களை நம் ஊர் மருத்துவமனையில் யார் கேட்டுக்கொள்கிறார்கள்?

நேற்று என் மகள் வயிறு வலிக்கிறது என்றாள். "பிசையுதா, முறுக்குதா?" என்று கேட்டேன். "பிசையறதுன்னா எப்படிப்பா இருக்கும்?" என்றாள். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, உள்ளங்கையை மாவில் அழுத்திக் காட்டினாள். பிறகு ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து காட்டினாள். கொஞ்ச நேரம் யோசித்தவள், "ரெண்டாவதுதான் பாட்டி, முறுக்குது" என்றாள்.