இரண்டு தரப்பும் போடும் ஒரே கணக்கு

2014 ஜூலை இறுதி. காசாவில் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். மேற்கு ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற நகரில் மூன்று இளைஞர்கள் இரவில் ஒரு யூத ஜெப ஆலயத்தின் மீது டீசல் நிரப்பிக் கொளுத்திய பாட்டில்களை எறிந்தார்கள். பெரிய சேதம் இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. பிடிபட்டார்கள். 2015-இல் உள்ளூர் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தது. தண்டனை போதுமா போதாதா என்பதை வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணம்தான் என்னை உறுத்துகிறது. காசா மோதலின் பக்கம் கவனத்தைத் திருப்பவே அவர்கள் இப்படிச் செய்தார்களாம். யூத வெறுப்புதான் நோக்கம் என்று நிரூபணமாகவில்லையாம்.

ஜெப ஆலயத்தை எரிக்கப் பார்ப்பது யூத வெறுப்பு இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்? காசாவில் குண்டு போட்டது இஸ்ரேல் ராணுவம். பெர்லினில் அந்த நாட்டின் தூதரகம் இருக்கிறது. அதன் எதிரே நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம். வுப்பர்டாலில் இருப்பது ஒரு சிறு சமூகம் கூடி வழிபடும் கட்டடம். இன்றைய ஜெர்மானிய யூதர்களில் பெரும்பாலோர் சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அங்கிருந்து ஜெர்மனிக்கு வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். இஸ்ரேலில் யார் பிரதமராக வேண்டும் என்று இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அதே நகரின் ஜெப ஆலயங்களை 1938 நவம்பரில் நாஜிகள் கொளுத்தினார்கள் என்பதை நீதிபதிக்கு யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

அடுத்து, 2024 பிப்ரவரி, பெர்லின் திரைப்பட விழாவின் பரிசளிப்பு மேடைக்கு வருகிறேன். மேற்குக் கரையின் மசாஃபர் யட்டா பகுதியில் பாலஸ்தீனக் கிராமங்கள் இடித்துத் தள்ளப்படுவதைக் காட்டிய படத்துக்குச் சிறந்த ஆவணப்பட விருது கிடைத்தது. எடுத்தவர்களில் பாலஸ்தீனரான பாசல் அத்ராவும் இஸ்ரேலிய யூதரான யுவால் ஆப்ரஹாமும் மேடையில் பேசினார்கள். ஜெர்மனி இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தட்டும் என்றார் பாசல். யுவாலின் பேச்சு மிகச் சிறியது. எங்கள் இருவர் வீடுகளுக்கும் இடையே அரை மணி நேரத் தொலைவு. நான் சிவில் சட்டத்தின் கீழ் வாழ்கிறேன், இவர் ராணுவச் சட்டத்தின் கீழ் வாழ்கிறார். எனக்கு வாக்குரிமை இருக்கிறது, இவருக்கு இல்லை. நான் விரும்பிய இடத்துக்குப் போகலாம், இவர் போக முடியாது. இந்த நிறவெறி நிலை முடிய வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

ஜெர்மனி கொதித்துப்போனது. விழா மேடையில் நடந்ததைப் பொறுக்க முடியாது என்றும், பெர்லினில் யூத வெறுப்புக்கு இடமில்லை என்றும் நகர மேயர் காய் வெக்னர் அறிவித்தார். அரங்கில் கைதட்டியவர்களில் கலாச்சார அமைச்சர் கிளாடியா ரோத்தும் ஒருவர். அது படத்தில் பதிவாகிவிட்டது. அவருடைய அமைச்சகம் உடனே ஒரு விளக்கம் வெளியிட்டது: அமைச்சரின் கைதட்டல் யூத இஸ்ரேலியரான யுவால் ஆப்ரஹாமுக்கானது. அதாவது, கூடவே பேசிய பாலஸ்தீனருக்கு அதில் பங்கில்லை! கைதட்டலைக்கூட இனம் பார்த்துப் பங்கிட்டுக் கணக்குக் காட்டிய அரசாங்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இருவருக்கும் இடையே சமத்துவம் இல்லை என்று மேடையில் சொன்னதை அமைச்சகமே செய்து காட்டிவிட்டது.

யுவால் யார்? அவருடைய பாட்டி லிபியாவில் இருந்த ஒரு வதைமுகாமில் பிறந்தவர். தாத்தாவின் குடும்பத்தில் பெரும்பாலோர் ஜெர்மானியர்களால் கொல்லப்பட்டவர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஜெர்மானிய அரசியல்வாதிகள் யூத வெறுப்பு பற்றிப் பாடம் நடத்தினார்கள். செய்தி இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வலதுசாரிக் கும்பல் அவரைத் தேடி வீட்டுக்கு வர, உறவினர்கள் நள்ளிரவில் வேறு ஊருக்கு ஓடினார்கள். யூதரைக் காப்பதாகச் சொல்லிக் கிளப்பிய கூச்சல், கடைசியில் ஒரு யூதக் குடும்பத்தை வீட்டைவிட்டு ஓடவைத்தது.

வுப்பர்டாலும் பெர்லினும் எதிரெதிர் துருவங்கள் போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாட்டில் எறிந்தவர்கள் யூதர் என்றால் இஸ்ரேல் என்று கணக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. பெர்லின் தலைவர்கள் அதையே தலைகீழாகப் போட்டார்கள்: இஸ்ரேல் என்றால் யூதர், ஆகவே அந்த அரசைக் கண்டிப்பவர் யூதரை வெறுப்பவர். இந்தக் கணக்கு தவறு என்று சொல்லும் யூதர்களைத்தான் இரண்டு தரப்புக்கும் பிடிப்பதில்லை. ரஷ்யாவில் பிறந்த யூத எழுத்தாளர் மேஷா கெஸ்ஸன் காசாவை நாஜிக் காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களோடு ஒப்பிட்டு 2023 டிசம்பரில் எழுதியபோது என்ன நடந்தது? ஜெர்மானிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் பெயரில் கெஸ்ஸனுக்குத் தரப்படவிருந்த விருதின் விழாவிலிருந்து அதை நடத்தவேண்டிய அறக்கட்டளை விலகிக்கொண்டது. அந்த ஒப்பீடு சரியா என்று வாதிடலாம். எனக்கே அதில் தயக்கம் இருக்கிறது. ஆனால் இஸ்ரேல் அரசைக் கடுமையாக விமர்சித்த ஆரெண்ட் இன்று உயிரோடிருந்தால் அவர் பெயரிலான விருது அவருக்கே கிடைத்திருக்குமா என்று பலர் கேட்டது நியாயம்தான்.

இதற்கெல்லாம் ஆதாரமாக நீட்டப்படும் காகிதம் ஒன்று உண்டு. யூத இனப்படுகொலை நினைவுக்கான சர்வதேசக் கூட்டணி 2016 மேயில் புகாரெஸ்டில் யூத வெறுப்பு என்றால் என்ன என்று ஏற்றுக்கொண்ட வரையறை அது. சிறிய வரையறைதான், கூடவே 11 எடுத்துக்காட்டுகள் உண்டு, அவற்றில் 7 இஸ்ரேலைத் தொடுகின்றன. அந்தக் காகிதத்தைக் குறை சொல்பவர்கள் பலரும் அதை முழுதாகப் படித்ததில்லை என்பது என் எண்ணம். மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பாகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இஸ்ரேல் செய்வதற்கு யூதர் எல்லோரையும் பொறுப்பாளியாக்குவது யூத வெறுப்பு என்றும் இருக்கிறது. வுப்பர்டால் அதில் கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இஸ்ரேல் என்ற அரசின் இருப்பே ஓர் இனவாத முயற்சி என்று சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. 1948-இல் இஸ்ரேல் உருவானபோது ஊரையும் வீட்டையும் இழந்த குடும்பத்துப் பாலஸ்தீனர் ஒருவர் தன் பாட்டன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே இந்த வரிக்குள் விழுந்துவிடுவார். மூல வரைவைத் தயாரித்தவர்களில் முதன்மையானவரான அமெரிக்க வழக்கறிஞர் கென்னத் ஸ்டெர்ன் அது எதற்காக எழுதப்பட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்: ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் சம்பவங்களை ஒரே அளவுகோலில் எண்ணிப் பதிவுசெய்வதற்காக. பேச்சை அடக்கும் தடியாக அதைப் பயன்படுத்துவதை அவரே எதிர்க்கிறார். கேட்பார் இல்லை. 2024 நவம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றம் அரசு மானியத்துக்கே அதை அளவுகோலாக்கித் தீர்மானம் போட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு இடதுசாரி நண்பர்கள் கைகுலுக்க வரவேண்டாம். நம் வீட்டுக் குப்பையும் நாறுகிறது. ஏழைகளின் முதுகின்மேல் பலகையை வைத்து விளையாடும் வங்கியாளர்களைச் சித்தரித்த லண்டன் சுவரோவியம் ஒன்று 2012-இல் அழிக்கப்படவிருந்தபோது, பின்னாளில் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவரான ஜெரமி கார்பின் ஓவியருக்கு ஆதரவாகக் கருத்திட்டார். அந்த முகங்கள் யாரை நினைவூட்டுகின்றன என்பது பார்த்தவுடனே தெரியும். சரியாகப் பார்க்கவில்லை என்று 2018-இல் வருந்தினார். பிரிட்டனின் சமத்துவ ஆணையம் 2020-இல் தொழிற்கட்சிக்குள் யூதர்கள் சட்டவிரோதமாகத் துன்புறுத்தப்பட்டதாகக் கண்டறிந்தது. அன்றைக்கே கார்பின், பிரச்சினையின் அளவு அரசியலுக்காக ஊதிப் பெருக்கப்பட்டது என்று அறிக்கை விட்டு இடைநீக்கமானார். 2022-இல் ஜெர்மனியின் காசல் நகரக் கலைக் கண்காட்சியில் இந்தோனேசியக் கலைக்குழு ஒன்றின் பிரம்மாண்டமான பதாகையில், கூரிய பற்களும் கன்னத்தில் சுருள்முடியும் கொண்ட ஓர் உருவத்தின் தொப்பியில் நாஜிப் படையின் குறி வரையப்பட்டிருந்தது. இந்தோனேசியச் சர்வாதிகாரி சுகார்த்தோவின் ஆட்சியை எதிர்த்த ஓவியம்தான். அந்த ஆட்சியைத் திட்டுவதற்கு யூதனின் கன்னத்துச் சுருள்முடி எதற்கு? பதாகையை இறக்கியதைத் தணிக்கை என்று கண்டித்தவர்களுக்கு இதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரமானது புடாபெஸ்ட். 2017 கோடையில் ஹங்கேரியின் அன்றைய பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு நாடு முழுவதும் சுவரொட்டிகள் ஒட்டியது. இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்த யூதக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸின் சிரித்த முகம். கடைசிச் சிரிப்பு இவருடையதாக இருக்க விடாதீர்கள் என்ற வாசகம். சில சுவரொட்டிகளின்மேல் யூதரை இழிவுபடுத்தும் கிறுக்கல்களும் சேர்ந்தன. ஹங்கேரிய யூதச் சமூகத் தலைவர்கள் நிறுத்தச் சொல்லி வேண்டினார்கள். இஸ்ரேல் தூதரும் அதையே கேட்டார். பிறகு என்ன நடந்தது? ஜெருசலேமில் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகம் தன் தூதரின் பேச்சுக்கு ஒரு 'தெளிவுரை' வெளியிட்டது: சோரோஸை விமர்சிப்பதைத் தவறென்று சொல்லவில்லை, அவர் இஸ்ரேல் அரசுகளைக் குலைக்கப் பார்ப்பவர் என்று. சில நாட்களில் நெதன்யாகு புடாபெஸ்ட் போய் ஓர்பானோடு கைகுலுக்கினார். ஹங்கேரி யூதரின் அச்சம் ஒரு பக்கம், இஸ்ரேல் அரசின் நலன் மறுபக்கம் என்று தராசு தொங்கியபோது அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். யூதரும் இஸ்ரேலும் ஒன்று என்று வாதிடுபவர்கள் இந்த ஒரு மாதத்தையாவது விளக்க வேண்டும்.

ஐரோப்பிய வலதுசாரிகளுக்கு இன்று இஸ்ரேல் ஆதரவு பாவம் கழுவும் ஒரு குளியல்துறை. நாஜிகளின் விஷவாயுக் கொலைக்கூடங்களை வரலாற்றின் ஒரு சிறு விவரம் என்று 1987-இல் சொன்ன லெ பென் பிரான்சில் நிறுவிய கட்சி, இப்போது யூத வெறுப்புக்கு எதிரான ஊர்வலத்தில் நடக்கிறது. முஸ்லிம்கள்மேல் பழியைப் போட வசதியாக இருக்கிறது. ஆனால் 2019-இல் யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரன்று ஜெர்மனியின் ஹாலே நகர ஜெப ஆலயத்தைத் துப்பாக்கியோடு தாக்க வந்தவன் காசாவிலிருந்து வரவில்லை. அவன் ஜெர்மானியத் தீவிர வலதுசாரி. உள்ளே ஐம்பதுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். கதவு உடையாததால் பிழைத்தார்கள். வெளியே அகப்பட்ட இருவரைக் கொன்றான். 2025-இல் அதே யோம் கிப்பூர் நாளில் மான்செஸ்டர் ஜெப ஆலயத்தின் வாசலில் தாக்குதல் நடந்தது. வழிபட வந்தவர்களில் இருவர் இறந்தார்கள். நெதன்யாகுவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஜெர்மானியரின் குற்றவுணர்வை நான் கேலி செய்யவில்லை. தன் பாட்டன் செய்த கொலையை நினைவில் வைத்துக்கொள்ளும் தேசங்கள் உலகில் அதிகமில்லை. இஸ்ரேலின் பாதுகாப்பு தம் அரசின் அடிப்படைக் கடமை என்று 2008-இல் ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் மெர்கல் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் சொன்னதற்குப் பின்னால் அறுபது லட்சம் பிணங்கள் இருக்கின்றன. ஆனால் கடன்பட்டது யூதரிடம். திருப்பிக் கட்டுவது ஓர் அரசாங்கத்திடம். அந்தக் கடனுக்குப் பாலஸ்தீனர் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

எங்கே கோடு போடுவது என்பதை என் பார்வையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரான்சில் ஒரு பேரங்காடியில் இஸ்ரேல் பொருட்களை வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்த 11 பேரைப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் குற்றவாளிகளாக்கின. 2020 ஜூனில் வந்த தீர்ப்பு, அது அவர்களுடைய பேச்சுரிமையை மீறியது என்றது. அரசியல் பேச்சு காரமாகத்தான் இருக்கும். அது வன்முறைக்கும் வெறுப்புக்கும் அழைப்பாக மாறாதவரை தடுக்கக் கூடாது. அங்காடியில் துண்டறிக்கை கொடுக்கலாம், ஜெப ஆலயத்தில் பாட்டில் எறியக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை.

இனி நம் ஆட்களுக்கு. காசாவைப் பற்றித் தமிழில் எது எழுதினாலும், யூதர்களில் சிலரை மிச்சம் வைத்தது ஏனென்று உலகுக்குப் புரியட்டும் என ஹிட்லர் சொன்னதாக ஒரு படத்தைச் சிலர் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஹிட்லர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை, பொய்யாகக் கட்டியது. பொய் என்று தெரிந்தாலும் ஒட்டத்தான் செய்வார்கள் என்பது வேறு விஷயம். அதை இந்தப் பதிவின் கீழ் ஒட்டுபவர்களை எச்சரிக்கை இல்லாமல் நீக்கிவிடுவேன். இஸ்ரேல் காசாவில் செய்வது இனப்படுகொலை என்று வாதிட வருகிறவர்கள் தாராளமாக வரலாம். சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கே அதுதான். அந்த வாதத்தை நானும் செய்வேன்.