பேய்ச் சுரங்கமாம்!

அந்த ரீலை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். மும்பை-புணே ரயில் மலையேறும் போர் காட் கணவாயின் பழைய ரயில் சுரங்கத்தில் டார்ச் அடித்து, "வெள்ளைக்கார அம்மா பேய்" என்று அலறும் அதே ரீல்தானே? நான் போட்ட கமெண்ட்டுக்கு "அங்கிள், சில் பண்ணுங்க" என்று பதில். அதற்கு என் நண்பர்களே சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். நன்றி.

சரி, சில் பண்ணியே சொல்கிறேன். அங்கே பேய் இல்லை. செத்துப்போன கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். 1856-இல் தொடங்கி 1863-இல் திறந்த பாதை, 25 சுரங்கங்கள். 1861-இல் 42,000 பேர் வரை வேலை செய்தார்கள். காலரா, வெடி, மலைச்சரிவு எல்லாம் சேர்ந்து சுமார் 25,000 பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. பேய் பிடிக்காமலே சுரங்கத்தை மூடினார்கள் ஐயா! ரிவர்சிங் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தி, திசை மாற்றி ஏற்றுவது பெரும்பாடு. 1929-இல் அந்த இடத்துக்குப் புதுப் பாதை வந்ததும் பழைய துண்டைக் கைவிட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த மலை முழுக்க எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுப் பாறை. கையால் துளை போட்டு, வெடிமருந்து திணித்துப் பிளந்தார்கள். செங்குத்துச் சரிவில் கயிற்றில் தொங்கிக்கொண்டே துளை போட்டவர்களும் உண்டு. என் பெரியப்பா மலையடிவாரத்துக் கர்ஜத் பக்கம் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளியாக, இருந்தவர். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து. பாறை வெடிப்புக்குள் தண்ணி இறங்கினால் கல் பெயர்ந்து தண்டவாளத்தில் விழும். "இந்த மல சும்மா இருக்காதுடா" என்பார். ஒருமுறை கல் விழுந்து விரல் நசுங்கியதை அவர் சொன்னதே இல்லை, பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அவரிடம் போய் பேய்க் கதை சொல்லிப் பாருங்கள்.

அந்த "வெள்ளைக்கார அம்மா" யாரென்று தேடினீர்களா? காண்ட்ராக்டர் சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியா வந்து சில வாரங்களிலேயே இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் காண்ட்ராக்டை ஏற்று, இன்ஜினியர்களை வைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். அப்பேர்ப்பட்டவருக்கு நீங்கள் கொடுத்தது பேய் வேஷம். அவருக்காவது பெயர் மிச்சம். அதே 1859-இல் கூலி பாக்கிக்காகக் கலகம் செய்தவர்கள் பேயாகக்கூடத் தேறவில்லை.

"ரீலால் டூரிஸ்ட் வருவாங்களே" என்பீர்கள். வரட்டும், குப்பையையும் அள்ளிக்கொண்டு போகட்டும். "வெள்ளைக்காரன் வரலேன்னா ரயிலே இல்ல" என்று இன்னொருவர். ரயில் கம்பெனியில் லண்டன் பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் கொடுத்தது யார்? இங்கே ஆண்ட அரசுதான். லாபம் குறைந்தால் மிச்சம் நம் வரிப்பணத்திலிருந்து. இதற்கும் சிரிப்பு எமோஜி போடுங்கள்.