நாலு எபிசோடை ஒட்டின படமாம்!

நேத்து ஆன்லைன்ல ஒரு பஞ்சாயத்து. 'தி திக் ஆஃப் இட்'ங்கிற பிரிட்டிஷ் அரசியல் நையாண்டி டிவி தொடர்ல இருந்து கிளைச்ச 'இன் த லூப்' படத்தை "நாலு எபிசோடை ஒட்டி படம்னு வித்துட்டாங்க"ன்னு ஒருத்தர் போற போக்குல சொல்லிட்டுப் போனார். அதுக்கு லைக் மழை வேற. எந்த நாலு எபிசோடு சார்? நம்பர் சொல்லுங்க.

சொல்ல முடியாது. அந்தக் கதை 'தி திக் ஆஃப் இட்' தொடர்ல எங்கயும் கிடையாது. தொடர்ல வர்றது உள்நாட்டு விவகாரம் பார்க்கிற ஒரு சோப்ளாங்கி அமைச்சகம். அதை வச்சுக்கிட்டு அமெரிக்காவோட சேர்ந்து போருக்குக் கிளம்ப முடியுமா? அதனாலதான் 2009ல இயக்குநர் அர்மாண்டோ இயனூச்சி அந்த ஆபீஸையே கழட்டிப் போட்டுட்டு, சர்வதேச வளர்ச்சித் துறைக்கு நடிகர் டாம் ஹாலண்டரைப் புது அமைச்சராக்கினார். பிரதமர் ஆபீஸ் அடியாட்களான மால்கம் டக்கரும் ஜேமியும் அதே பேர்ல வர்றாங்க. எந்தத் துறையா இருந்தா என்ன, அமைச்சரை மிரட்டுறதுதானே அவங்க வேலை! தொடர்ல 'ஆலி'ங்கிற பேர்ல வந்த நடிகர் கிறிஸ் ஆடிசன் இதுல டோபி. "அதே மூஞ்சி, வேற பேரு, சோம்பேறித்தனம்"கிறாங்க. அதே பேரை விட்டிருந்தாத்தான் சோம்பேறித்தனம்.

ரேடியோ பேட்டியில அமைச்சர் போரைப் பத்தி "எதிர்பார்க்க முடியாதது"ன்னு ஒரு வார்த்தை விடுறார். அதைச் சமாளிக்கப் போய், அமைதி வேணும்னா சில சமயம் மோதல் மலையும் ஏறணும்னு மைக் முன்னாடி உளறுறார். போர் வேணும்கிறவங்களும் வேணாம்கிறவங்களும் அவரை இழுக்கிறாங்க. அரைமணி நேர எபிசோடா இருந்தா இந்த உளறலை அதுக்குள்ளயே அமுக்கிடுவாங்க. இங்கே அது உருண்டு உருண்டு ஐ.நா. வரைக்கும் போகுது. இது ஒட்டு வேலையா?

கேமரா ஆடுது, டிவி மாதிரி இருக்குன்னா, சரி, ஆடுது. கெட்ட வார்த்தையா? இருக்கு, குடும்பத்தோட பார்க்காதீங்க. ஆனா ஒரு குழந்தையோட ரூம்ல, பேசுற பொம்மை கால்குலேட்டர்ல அமெரிக்க ஜெனரலா வர்ற ஜேம்ஸ் காண்டல்ஃபினி படைக்கணக்கு போடுறாரே? 12,000 பேர், ஆனா சாகப்போறதே அத்தனை பேர், போர் முடியும்போது கொஞ்சம் பேராவது மிச்சம் இருக்கணும்கிறார். அதைப் பார்த்துட்டுமா ஒட்டுன்னு சொன்னீங்க?

நாலு பேர் சேர்ந்து எழுதின தழுவல் திரைக்கதை, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. "கிடைக்கலையே"ம்பீங்க. கிடைக்கலை. சந்தோஷமா?

போரை எதிர்த்து ராஜினாமா பண்ணி மானத்தைக் காப்பாத்தலாம்னு பார்க்கிறார் அமைச்சர். அதுக்கும் விடலை. நார்த்தாம்ப்டன்ல அவர் தொகுதி ஆபீஸ் மதில் சுவர் சாயுதுன்னு ஒருத்தர் கொடுத்த புகாரைக் காட்டியே மால்கம் அவரை வீட்டுக்கு அனுப்பிடுறார். அந்தச் சுவர் தொடர்ல எந்த எபிசோடுல இருக்கு சார்? நம்பர் இன்னும் வரலை.