மவுண்ட்டையும் பேக்கப் சைட்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஆப்டிக் (குறிபார்க்கும் கண்ணாடிக் கருவி) வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதை ரைஃபிளில் பொருத்தும் மவுண்ட் என்று வந்தால் மலிவாக எது கிடைக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். ஜீரோ (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு) நிற்கவில்லை என்றால் பழி முழுக்க ஆப்டிக் மேல் விழுகிறது. ஆப்டிக் கைவிட்டால் உதவும் பேக்கப் அயர்ன் சைட்டோ (முன்னால் முள், பின்னால் துளை என்று குறிபார்ப்பது) கடைசியில் மிஞ்சிய காசுக்கு வாங்குவது. என்னைக் கேட்டால் இது தலைகீழ் வரிசை. மவுண்ட்டின் உயரமும் பேக்கப் சைட்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுபவை. இரண்டையும் ஒரே நேரத்தில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆப்டிக்கைத் தேடுங்கள்.

உயரத்திலிருந்து ஆரம்பிப்போம். ஏஆர்-15-ல் அயர்ன் சைட் வழியாகப் பார்க்கும் கோடு குழலின் மையத்துக்கு மேலே சுமார் 2.6 அங்குலத்தில் ஓடுகிறது. மவுண்ட்டை மாட்டும் ரெயிலின் மேல்பரப்பிலிருந்து அளந்தால் அது சுமார் 1.4 அங்குலம். ரெட் டாட் என்னும் சிவப்புப் புள்ளி ஆப்டிக்கின் மையமும் அதே 1.41 அங்குலத்தில் இருந்தால் முன் சைட்டின் முள்ளும் சிவப்புப் புள்ளியும் கண்ணாடியின் நடுவில் ஒன்றாக நிற்கும். இதைத்தான் அப்சல்யூட் கோ-விட்னஸ் என்கிறார்கள். மடக்கும் சைட் என்றால் இது சரி. ஆனால் ஏ2 என்னும் மடக்க முடியாத கோபுர வடிவ முன் சைட் இருக்கிற ரைஃபிளில் இந்த உயரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்போது பார்த்தாலும் அந்தக் கோபுரம் கண்ணாடிக்கு நடுவில் நந்தி மாதிரி நிற்கும். 1.6 அங்குலத்தை ஒட்டிய மவுண்ட் போட்டால் சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பாகத்துக்கு இறங்கிவிடும். லோயர் தேர்ட் என்பது இதுதான். தலையைச் சற்று நிமிர்த்தினால் புள்ளி, தாழ்த்தினால் அயர்ன் சைட்.

இப்போது 1.93 அங்குல மவுண்ட் பரவலாகிவிட்டது. கழுத்தை வளைக்காமல் பார்க்கலாம், இரவுப் பார்வைக் கருவி அணிபவர்களுக்கு உண்மையாகவே உதவும். ஆனால் கன்னம் ஸ்டாக்கில் (தோளில் அணைக்கும் பின்பகுதியில்) பதியாது, தாடைதான் பதியும். எய்ம்பாயின்ட் மைக்ரோ மாதிரிச் சின்னக் குழாய் என்றால் வழக்கமான உயர அயர்ன் சைட் கண்ணாடியின் அடி விளிம்புக்குப் போய்விடும், பயன்படாது. கிட்டத் தூரக் கணக்கும் மாறும். 50 கெஜத்தில் ஜீரோ செய்திருந்தால், 1.41 உயரத்தில் 10 கெஜத்தில் குண்டு குறிக்குச் சுமார் 2 அங்குலம் கீழே படும். 1.93-ல் அது சுமார் இரண்டரை அங்குலம்.

உருப்பெருக்கும் ஸ்கோப் என்றால் கதையே வேறு. ஸ்கோப் மேலே மாட்டியிருக்கும்வரை அதன் அடியில் மடங்கிக் கிடக்கும் சைட்டால் பயனில்லை. ஒன்று, நெம்புகோலைத் தட்டினால் கழன்று வரும் க்யூடி மவுண்ட் வேண்டும். இல்லையென்றால் 45 டிகிரி சாய்வில் பக்கவாட்டில் நிற்கும் சைட் வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறும் மடக்கு சைட் வாங்குவது வீண் செலவு. வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: மடக்கிய பின் சைட்டின் மேல் ஸ்கோப்பின் பின்பகுதி இடிக்கிறதா, உருப்பெருக்க வளையத்தின் நெம்புகோல் முழுச் சுற்றும் தடையின்றிப் போகிறதா. ஏஆர்-ன் ரிசீவர் (ரைஃபிளின் நடு உடல்) மேலுள்ள ரெயில் குட்டை என்பதால் ஸ்கோப்பை முன்னால் தள்ளி வைக்கும் கான்டிலீவர் மவுண்ட்தான் பொருந்தும். ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் ரிங்கைத் தனித்தனியாக வாங்கி ஒன்றை ரிசீவரிலும் இன்னொன்றைக் குழலைச் சுற்றியிருக்கும் ஹேண்ட்கார்டிலும் மாட்டவே மாட்டாதீர்கள். ஹேண்ட்கார்ட் அழுத்தத்தில் வளையும், ஸ்கோப் குழாயும் சேர்ந்து வளையும்.

ரெயிலிலும் ஏமாறலாம். பிகாட்டினி, வீவர் என்று இரண்டு வகை ரெயில் உண்டு. பிகாட்டினி பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம், பள்ளங்களுக்கு இடையே ஒரே சீரான தூரம். வீவர் பள்ளம் 0.180தான், இடைவெளியும் சீராக இருக்காது. வீவர் ரிங் பிகாட்டினியில் பெரும்பாலும் உட்காரும், பிகாட்டினி மவுண்ட் வீவரில் உட்காராது. முன் சைட் எங்கே என்பதும் முக்கியம். கேஸ் பிளாக்கின் (குழலிலிருந்து வாயுவை எடுக்கும் பாகத்தின்) மேல் பிளாஸ்டிக் சைட் போடாதீர்கள், அங்கே ஏறும் சூட்டை அது தாங்காது, இரும்பு சைட்தான் வேண்டும். தவிர, பல கேஸ் பிளாக் ரெயில்கள் ரிசீவர் ரெயிலைவிடத் தாழ்வானவை. முன் சைட்டை ஹேண்ட்கார்டில் வைத்தால் அந்த ஹேண்ட்கார்ட் கையால் முறுக்கினாலும் அசையாத வகையாக இருக்கவேண்டும்.

மாட்டும் முறை. முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரெயிலிலும் மவுண்ட்டின் தாடையிலும் உள்ள எண்ணெயைத் துடையுங்கள். மவுண்ட்டைப் பள்ளத்தில் வைத்து, குழல்முனைப் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டே முறுக்குங்கள். சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும், மவுண்ட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்போது அதன் பல் பள்ளத்தின் முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருக்கவேண்டும். இடைவெளி விட்டிருந்தால் சில தோட்டாக்களிலேயே நகர்ந்து ஜீரோ போய்விடும். ரிங் திருகுகளுக்கு முறுக்கு விசை பொதுவாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு. ரெயிலைப் பிடிக்கும் பெரிய நட்டுக்குப் பல மவுண்ட்டுகளில் 65. தயாரிப்பாளரின் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக் கணக்கில் முறுக்குவதுதான் ஸ்கோப் குழாய் நசுங்க முதல் காரணம். ரிங்கின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். திருகுப் பசை போட்டால் நீல வகை மட்டும். பசை ஈரமாக இருக்கும்போது மரை வழுக்கும், அதே எண்ணில் பிடிமானம் கூடிவிடும் என்பதால் தாளில் பசை பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியில் திருகின் தலையிலிருந்து மவுண்ட்டின் மேல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் திருகு திரும்பிவிட்டது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பேக்கப் சைட்டைத் தனியாகச் சுட்டு ஜீரோ செய்யுங்கள். சிவப்புப் புள்ளியை முள்ளின் நுனியில் உட்கார வைத்தால் போதும் என்று விடாதீர்கள், அது தோராயத்துக்குத்தான் உதவும். ஆப்டிக்கை அணைத்துவிட்டோ கழற்றிவிட்டோ பின் சைட்டின் சின்னத் துளை வழியாக 50 கெஜத்தில் ஐந்து தோட்டா. குண்டு கீழே பட்டால் முள்ளை வலஞ்சுழியாகத் திருகி இறக்கவேண்டும், மேலே பட்டால் ஏற்றவேண்டும். பக்கவாட்டுத் திருத்தம் பின் சைட்டில், குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம்.

ஏற்றிக்கொண்டே போய் முள்ளின் அடித்தட்டு அதன் குழியைவிட்டு வெளியே வந்துவிட்டதா? அப்படியானால் முன் சைட்டின் பக்கவாட்டில் ‘எஃப்’ எழுத்து பொறித்திருக்கிறதா பாருங்கள். தட்டையான மேற்பரப்பு ரிசீவருக்கான எஃப் வகை 0.04 அங்குலம் உயரமானது. எழுத்து இல்லையென்றால் முழு முன் சைட்டையும் மாற்ற வேண்டியதில்லை, அந்த அளவு உயரமான முள் தனியாகவே விற்கிறது.