சாமி மாடத்து பல்பு என்ன பாவம் செய்தது?

இரண்டு மாத மின்கட்டணக் கணக்கு வந்தது: 512 யூனிட்! 498 என்று வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் அந்த 12 யூனிட்டோடு விட மாட்டார்கள். 500க்குள் இருந்தால் சலுகையில் கிடைத்திருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

கணக்கு வந்த அன்று மாலை, என் வீட்டுக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு சிக்கனத்தில் இறங்கினார். என்ன செய்தார் தெரியுமா? சாமி மாடத்தில் எரிந்த குட்டி எல்இடி பல்பைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். அரை வாட் பல்பு! இரவும் பகலும் எரிந்தாலும் 60 நாளில் முக்கால் யூனிட்கூட ஆகாது. அதைக் கழற்றிய அதே கை மறுநாள் காலை ஐந்தரைக்குக் கீசரைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தது. கீசர் 2,000 வாட். அரைமணி நேரம் சூடேறினாலே ஒரு யூனிட். அவர் குளித்து, சாப்பிட்டு, அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகும் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஆற ஆற அது மறுபடி சூடாக்கும். யாருக்கு? சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தானே!

மகன் இன்னொரு ரகம். "இதோ வந்துவிடுகிறேன் அம்மா" என்று மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினால், இருட்டிய பிறகுதான் படியேறுவான். அதுவரை அவன் கட்டிலுக்கும் தலையணைக்கும் மின்விசிறி காற்று வீசிக்கொண்டிருக்கும். பழைய விசிறி, 75 வாட். தினம் 4 மணி நேரம் என்று வைத்தாலும் 60 நாளில் 18 யூனிட். நாங்கள் தாண்டியது வெறும் 12!

இதைச் சொன்னால், "உனக்கு எந்நேரமும் ஸ்விட்ச் நினைப்புதான்" என்று அப்பாவும் பிள்ளையும் ஒன்றுசேர்ந்து சிரிக்கிறார்கள். என் மாமியார் மட்டும் பல்பைக் காணோமே என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நேற்று இரவு இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கீசர் ஸ்விட்சுக்கு மேலேயே ஒட்டினேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். ஈரக்கை பட்டு மை கலைந்து, தாள் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.