ஆற்றை நேராக்குவது சீரமைப்பு அல்ல

“வளைவுகளை வெட்டி நேராக்கி ஆழப்படுத்தினால் ஆறு சீராகிவிடும், பொறியாளர் ஒருவரே போதும்” என்ற தகவல் அடிக்கடி பகிரப்படுகிறது. இது தவறு.

ஆற்றின் நீளம் பாதியானால் சரிவு இரட்டிப்பாகும். நீரின் ஆழம் 1 மீட்டர், சரிவு 1,000-க்கு 1 (1,000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் இறக்கம்) என்றால் சுமார் 1 செ.மீ. சரளை நகரும். ஆழம் மாறாமல் சரிவு மட்டும் இரட்டித்தால் 2 செ.மீ. கல்லும் புரளும். அடி அரித்துக் குழியும், கரை சரியும். அப்புறம் கான்கிரீட் போடுவார்கள். அரிப்பு கான்கிரீட் முடியும் இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 166 கி.மீ. வளைந்தோடிய கிஸ்ஸிமி ஆற்றை 1962–1971-இல் 90 கி.மீ. கால்வாயாக்கினார்கள். வெள்ளம் குறைந்தது உண்மை. ஆனால் சதுப்பு நிலங்கள் வற்றின, நீர்ப்பறவைகள் அருகின. 1999-இல் தொடங்கி, கால்வாயில் சுமார் 35 கி.மீ. தூரத்தை மண் கொட்டி மூடினார்கள். வேலை முடிய 2021 ஆனது.

வடிவமைப்பில் பொறியாளரின் முறை கடைசியில்தான் வரும். கரை ததும்பும் ஓட்டத்தை (பெரும்பாலும் 1–2 ஆண்டுக்கு ஒருமுறை வருவது) நீரியலாளர் கணிப்பார். நிலவடிவ வல்லுநர் படுகையில் 100 கற்களையாவது அளப்பார். எந்த மீனுக்கு எந்த மாதம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை உயிரியலாளர் சொல்வார். கல்லை அளக்காமல் வரைந்த வரைபடத்தின் லட்சணம் முதல் வெள்ளத்திலேயே தெரிந்துவிடும்.